வரும் ஆண்டில் நம் கட்டடத் தொழில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னர்ப் பேசிய புலவர் பெருமக்கள் திருக்குறளின் மாண்பையும் சிலப்பதிகாரத்தின் சுவையையும் எடுத்துரைத்தார்கள். விருந்து முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் மளிகைக் கடைப் பற்றுச் சீட்டை நீட்டுபவனைப் போல நான் இப்போது எழுந்து நிற்கிறேன். எனக்குத் தரப்பட்ட பொருள் அத்தகையது. கல், மணல், சிமெண்டு, கூலி ஆகியவற்றைப் பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் பணித்திருக்கிறார்கள்.

நான் கட்டடத் தொழில் செய்பவன் அல்லன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதிப் பொறியியல் பிரிவு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாக அமர்ந்தவன். பாலமும் மேடையும் கட்டுபவர்களின் பில்களைச் சரிபார்த்துக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. ஆகவே செங்கல் அடுக்கும் முறையை உங்களுக்குச் சொல்லும் அறியாமையை நான் செய்யமாட்டேன். காகிதத்தைப் பற்றி மட்டும் சில சொற்கள் கூறுவேன்.

நம் சங்க உறுப்பினர் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். கொத்தனார், கம்பி கட்டுபவர், தச்சர், வர்ணம் பூசுபவர், ஐந்தாறு ஆட்களை வைத்து வீடு கட்டிக் கொடுக்கும் சிறு ஒப்பந்தக்காரர் ஆகியோரே அதில் மிகுதி. காலையில் களியக்காவிளையைக் கடந்து வரும் பேருந்துகளிலும் பாறசாலை நிலையத்தில் நிற்கும் பாசஞ்சர் வண்டியிலும், கரணையையும் தூக்குக் குண்டையும் சாக்குப் பையில் சுற்றிக்கொண்டு இறங்குபவர்களும் நம்மவர்களே. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலத்தில் கோடு விழுந்ததே தவிர, நம் பெற்றோர் வேலைக்குப் போன வழி மாறவில்லை. ஆயினும் அக்கோட்டின் கனம் இன்று நம் தொழிலில் தெரிகிறது. கல் ஒரு மாநிலத்துச் சட்டத்தின்கீழ் உடைக்கப்படுகிறது. வீடு மற்றொரு மாநிலத்துச் சட்டத்தின்கீழ் எழுகிறது. ஆள் அந்த மாநிலத்து அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இந்த மாநிலத்துச் சாரத்தின்மேல் ஏறுகிறார்.

இங்கே என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலைப் பெற்றே சொல்லுகிறேன்.

என் தங்கையின் கணவர் ஒரு சிறு ஒப்பந்தக்காரர். 2025-ஆம் ஆண்டு சனவரியில் 1,200 சதுர அடியில் ஒரு வீட்டைப் பொருளும் கூலியும் தம்முடையதாக, சதுர அடி 2,000 ரூபாய் வீதம், 24 லட்சத்திற்குக் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். எழுத்து ஏதும் இல்லை. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள், முன்பணம் கை மாறியது, வானம் தோண்டினார்கள். எல்லாம் முடிந்து கையில் இரண்டு லட்சம் நிற்கும் என்பது அவர் கணக்கு. நல்ல வேலைக்காரர், கணக்கும் பொய்க்கணக்கு அன்று.

ஏப்ரல் மாதம் வந்தது. தமிழ்நாட்டில் கனிமவள நிலத்தின்மீது புதிய வரி 4-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கல்லுக்கு டன்னுக்கு 90 ரூபாய். ஜல்லியும் எம்-சாண்டும் விலை ஏறின. கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பின் மாத இறுதியில் விலை ஓரளவு இறங்கியது. ஆனால் என் மைத்துனர் இறங்கும் வரை காத்திருக்க இயலாதவர். தேர்ந்த கொத்தனார் மூவரை விட்டுவிட்டால் வேறொருவர் அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்று, பதினொரு நாள் அவர்களுக்குப் பாதிக் கூலி கொடுத்து நிறுத்தி வைத்தார். கிடைத்த இடத்தில் கிடைத்த விலைக்குக் கல் வாங்கினார்.

அடுத்து மழை. இடவப்பாதி மழை வழக்கமாக ஜூன் முதல் தேதியையொட்டித் தொடங்கும் அன்றோ? அந்த ஆண்டு மே 24-ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு அவ்வளவு முன்னதாக மழை தொடங்கியது அப்போதுதான். மேற்கூரை வார்ப்புக்காக அடித்த பலகையும் முட்டுகளும் வாடகையைத் தின்றுகொண்டு நனைந்து நின்றன. அந்த ஈரத்தில்தான் விளவங்கோட்டுப் பக்கத்துக் கையாள் ஒருவர் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். உயிர் பிழைத்தது தெய்வச் செயல். நல வாரிய அட்டை அவரிடம் இருந்தது; ஆனால் புதுப்பிக்கப்படவில்லை. மருத்துவச் செலவை மைத்துனரே ஏற்றார். ஏற்பது அவர் கடமையுமாகும்.

வீடு முடிந்தது. பால் காய்ச்சுக்கு நாங்களும் போயிருந்தோம். அன்றிரவு என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “மச்சான், நீங்கள் ஆபீசில் கணக்குப் பார்ப்பவர். என் பணம் எங்கே போனது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். என் தங்கையின் சங்கிலி அப்போது அடகுக் கடையில் இருந்தது. அதை அவளே பின்னர்ச் சொன்னாள்.

இருவரும் சீட்டுகளைப் பரப்பிப் பார்த்தோம். கல், மணல் விலையேற்றத்தால் போனது 45 ஆயிரம். நிறுத்தி வைத்த கொத்தனார்களுக்கு 20 ஆயிரம். பலகை வாடகை கூடுதல் 18 ஆயிரம். மருத்துவச் செலவு 40 ஆயிரம். இவையெல்லாம் சேர்ந்தும் 1 லட்சத்து 23 ஆயிரம்தான். இரண்டு லட்சம் இலாபத்தில் இதைக் கழித்தாலும் 77 ஆயிரம் மிஞ்சியிருக்க வேண்டுமே! மிஞ்சவில்லை, 53 ஆயிரம் கடன் நின்றது. அப்படியானால் 1 லட்சத்து 30 ஆயிரம் எங்கே?

அது வீட்டுக்காரரின் புன்சிரிப்பில் போயிருந்தது. “முன் திண்ணையை இரண்டடி நீட்டிவிடுங்கள்”, “சமையலறையில் ஒரு பரண் இருக்கட்டும்”, “தண்ணீர்த் தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.” ஒவ்வொன்றையும் அவர் சிரித்துக்கொண்டு கேட்டார், இவரும் சிரித்துக்கொண்டு செய்தார். முடிவில் தொகை கேட்டபோது, “எல்லாம் சேர்த்துத்தானே சதுர அடிக் கணக்குப் பேசினோம்?” என்றார் அவர். அவரைக் குறைகூற மாட்டேன். அவரும் வங்கிக் கடனில் கட்டியவர். அவர் நினைவில் உள்ளது அவருக்கு உண்மை. இவர் நினைவில் உள்ளது இவருக்கு உண்மை. இரண்டுக்கும் நடுவே ஒரு தாள்கூட இல்லை.

நாடெங்கும் பேசப்பட்ட வரியும் வேலைநிறுத்தமும் மழையும் எடுத்தது பாதிக்கும் குறைவு. யாரும் பேசாத பரணும் திண்ணையும் எடுத்தது பாதிக்கு மேல். சீட்டுகளைப் பார்க்கும் வரை இது எனக்கே தெரியாது.

இனி வரும் ஆண்டில் என்னென்ன எதிர்ப்படும் என்று பார்ப்போம்.

கல்லுக்கு நம்மோடு போட்டியிடுபவர்கள் பெரியவர்கள். விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் மட்டும் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். அதற்குப் பாறை கிடைக்காமலேயே வேலை ஆண்டுக்கணக்கில் தாமதமானதும், 2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் கட்டிய பகுதியே சேதமுற்றதும் நீங்கள் அறிந்தவை. துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது; அடுத்த கட்டங்களை 2028 இறுதிக்குள் முடிப்பது திட்டம். எங்கள் இரயில்வேயோ திருவனந்தபுரம் முதல் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 87 கிலோமீட்டர் தொலைவை இரட்டைப் பாதையாக்க எடுத்துக்கொண்டது. தண்டவாளத்தின் அடியில் கிடப்பதும் உடைத்த கல்லே. கழக்கூட்டம் முதல் நம் காரோடு வரை வந்த புறவழிச் சாலையில் முக்கோலாவுக்கும் காரோட்டுக்கும் இடைப்பட்ட பகுதி காங்கிரீட்டால் ஆனது. துறைமுகத்துக்கு ஆயிரம் லாரி போகும் வழியில் நமக்கு ஒரு லாரி திரும்பவேண்டும். ஆற்று மணலை நம்பியிருந்த காலமும் மலையேறிவிட்டது. 2001-ஆம் ஆண்டில் கேரளம் ஆற்றங்கரைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. நெய்யாற்று மணலில் வீடு கட்டிய கதையை இனி நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் முடியும். நமக்குப் பக்கத்தில் செங்கல் என்றே ஓர் ஊர் இருக்கிறது. மலையாளத்தில் அச்சொல் நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் சிவந்த கல்லையும் குறிக்கும். நமக்குச் சூளையில் சுட்டது மட்டுமே செங்கல். ஒரு சொல்லுக்கே இரு பொருள் இருக்கும் ஊரில் வாய்ப்பேச்சு ஒப்பந்தம் செய்கிறோமே என்று எனக்குச் சிரிப்பும் வருவதுண்டு.

சிமெண்டு விஷயத்தில் மகிழ்ச்சி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு-சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரியோடு 360 ரூபாய்க்கு விற்ற மூட்டை, ஆலை விலை மாறாதிருந்தால் 332 ரூபாயாகும். 1,200 சதுர அடி வீட்டுக்குச் சுமார் 480 மூட்டை என்று வைத்தால் பதின்மூன்றாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். இது நமக்கா, வீட்டுக்காரருக்கா? விலை ஏறினால் அவர் தரவேண்டும் என்று கேட்கப் போகும் நாம், இறங்கினால் திருப்பித் தரவும் ஒப்பவேண்டும். இதைச் சொன்னால் சிலருக்கு என்மேல் கோபம் வரலாம்.

பஞ்சாயத்தில் கட்டட அனுமதி பெறும் முறையும் மாறியிருக்கிறது. கே-ஸ்மார்ட் என்னும் கணினி முறை 2024 சனவரியில் நகராட்சிகளிலும், 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளிலும் வந்துவிட்டது. நெய்யாற்றின்கரை நகராட்சியானாலும் பாறசாலைப் பஞ்சாயத்தானாலும் விண்ணப்பம் அவ்வழியேதான் போகவேண்டும். கணினி தெரிந்த நம் பிள்ளைகள் இதைச் சங்கத்திலேயே செய்து கொடுக்கலாம். நாம் கவனிக்கவேண்டியது ஒன்றே: வேலை தொடங்கும் தேதியை அனுமதி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணவேண்டும், முன்பணம் வாங்கிய நாளிலிருந்து அன்று.

அடுத்துத் தொழிலாளர் சட்டம். மைய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. வேலைக்கு வருபவர் எவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்பது அதில் ஒன்று. நாட்கூலிக்காரருக்கு அன்றன்றும், வாரக்கூலிக்காரருக்கு வார விடுமுறைக்கு முன்னும் கூலி தீர்க்கவேண்டும் என்பது மற்றொன்று. கட்டடத் தொழிலாளர் நலத் தீர்வைக்குப் பழைய சட்டத்தில் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொந்தக் குடியிருப்பு வீடு விலக்குப் பெற்றிருந்தது; புதிய தொகுப்பில் அவ்வரம்பு 50 லட்சமாயிற்று. ஆகவே நம்மில் பலர் கட்டும் வீடுகள் தீர்வைக்கு வெளியே போகும். ஆனால் ஆள் விழுந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு வெளியே போய்விடாது. அது வேலை கொடுத்தவரின் தலையிலேயே இருக்கும். இதனைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆட்களும் மாறிவிட்டார்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இன்று நம் சாரங்களில் நிற்கிறார்கள். கீழே தமிழ், நடுவே மலையாளம், மேலே இந்தி என்று ஒரே சுவரில் மூன்று மொழி கேட்கிறது. ஒரு காலத்தில் நம் தந்தையர் அயலூரில் எந்த நிலையில் நின்றார்களோ, அந்த நிலையில் இவர்கள் நிற்கிறார்கள். இவர்களுடைய பெயரும் ஊரும் வீட்டாரின் தொலைபேசி எண்ணும் ஒரு தாளிலாவது இருக்கவேண்டாமா?

இனி, நான் எந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வந்தேனோ, அதற்கு வருகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. எம்.பி. என்போம். பக்கங்களுக்கு அச்சிட்ட எண் உண்டு. ஒரு தாளைக் கிழிக்கக்கூடாது, எழுத்தைச் சுரண்டக்கூடாது, தவறானால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையொப்பம் இடவேண்டும். மண்ணுக்குள் மறையப்போகும் அஸ்திவாரத்தை, மூடுவதற்கு முன்னர் அளந்து எழுதுவார்கள். ஒப்பந்தக்காரரும் அதை ஏற்றுக் கையெழுத்திடுவார். கோடிக்கணக்கான ரூபாய் வேலைக்கும் பணம் கொடுக்க அடிப்படை அந்தப் புத்தகமே. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மனிதர்மேல் இவ்வளவு நம்பிக்கையின்மையா என்று எண்ணினேன். என் மைத்துனர் திண்ணையில் அமர்ந்த இரவில்தான், அது இரு தரப்பாரின் நட்பையும் காப்பாற்றுவதற்காக எழுதப்படுவது என்று உணர்ந்தேன்.

இன்னொன்று விலை மாறுதல் விதி. பெரிய ஒப்பந்தங்களில் இரயில்வே இதைச் சேர்க்கும். தொகையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கை மாறாதது என்று ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் கூலி, பொருள், எரிபொருள் என்று பங்கிட்டு, அரசு வெளியிடும் விலைக் குறியீடு ஏறினால் கூட்டியும் இறங்கினால் குறைத்தும் கணக்கிடுவார்கள். அத்தனை வாய்பாடுகள் நமக்கு வேண்டா. ஒரு முழு நீளத் தாள் போதும். ஒப்பந்த நாளன்று ஒரு யூனிட் எம்-சாண்டு இன்ன விலை, ஜல்லி இன்ன விலை, சிமெண்டு மூட்டை இன்ன விலை, கம்பி கிலோ இன்ன விலை என்று நான்கு வரி எழுதுங்கள். கடைச் சீட்டையும் அதனோடு குத்தி வையுங்கள். நூற்றுக்கு ஐந்து வரை ஏற்ற இறக்கம் நம் பாடு. அதற்குமேல் ஏறினால் வீட்டுக்காரர் தருவார், இறங்கினால் நாம் கழிப்போம். “இப்படியெல்லாம் எழுதினால் வேலை வேறொருவனுக்குப் போய்விடும்” என்று உங்களில் பலர் நினைப்பது எனக்குத் தெரியும். சில வேலைகள் போகத்தான் செய்யும். என் மைத்துனருக்கும் ஒன்று போயிற்று. ஆனால் இச்சங்கத்தில் உள்ள ஒப்பந்தக்காரர் அனைவரும் ஒரே தாளை நீட்டினால் வீட்டுக்காரர் எத்தனை பேரிடம் மாற்றிப் போவார்? நம் சங்கம் அச்சிட்டுத் தரவேண்டிய தாள் அதுவே என்று செயற்குழுவின்முன் பணிவோடு வைக்கிறேன்.

கூடுதல் வேலைக்கு மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்கவேண்டா. பரண் கேட்டால் பரணைச் செய்யுங்கள். செய்வதற்கு முன்னர்க் குறிப்பேட்டில் நீளம், அகலம், தொகை ஆகியவற்றை எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். புன்சிரிப்போடேயே வாங்கலாம், அதற்குத் தடையில்லை.

மழைக்கும் ஒரு வரி எழுதுங்கள். இங்கே இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அஸ்திவாரத்தைத் தையில் போட்டு வார்ப்பைச் சித்திரைக்குள் முடிப்பது நம் முன்னோர் கண்ட வழி. மே மாத இறுதியை நம்பியவர்களை 2025 ஏமாற்றியது. மழை நாட்களைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைத்தால் முடிக்கும் நாளையும் அத்தனை நாள் தள்ளிக் கேட்க முடியும்.

நல வாரிய அட்டை பற்றியும் ஒரு வேண்டுகோள். இரு மாநிலத்திலும் கட்டடத் தொழிலாளர்க்கு நல வாரியம் உண்டு. அட்டை எந்த மாநிலத்தது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்பதைத் தாய்மார்கள் வீட்டில் நாட்காட்டியிலேயே குறித்து வைக்கலாம். ஆடவர் மறப்பார்கள். சாரத்தில் கால் முறிந்த அந்தக் கையாளின் மனைவி மருத்துவமனை வராந்தாவில் என்னிடம் கேட்ட கேள்வி, “அட்டை இருக்கிறதே, ஐயா, ஏன் செல்லாது?” என்பதுதான். அவர் இப்போது கோலின்றி நடக்கிறார். உயரத்தில் ஏறும் வேலைக்கு மட்டும் போவதில்லை.

என் மைத்துனர் தனுவச்சபுரத்தில் இப்போது ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரர் முதலில் தாளைக் கண்டு முகம் சுளித்தார். சிமெண்டு விலை இறங்கினால் திருப்பித் தருவதாக எழுதியிருந்த வரியைப் படித்த பின்னர்ப் பேனாவைக் கேட்டு வாங்கினார். நாற்பது ரூபாய்க்கு வாங்கிய குறிப்பேடு ஒன்று சாரத்தின் அடியில் பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது. சென்ற ஞாயிறு எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், கிணற்றடியில் துவைகல் மேடை, நான்கடிக்கு மூன்றடி, தொகை இவ்வளவு என்று எழுதி இருவர் கையெழுத்தும் இருந்தது. சங்கிலி இன்னும் மீளவில்லை. ஓணத்துக்குள் மீட்டுவிடுவதாக என் தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

மாதிரித் தாள் ஒன்றை நான் கையால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். செயலாளர் மேசைமேல் இருக்கிறது, படி எடுத்துக்கொள்ளலாம். விடுமுறை நாட்களில் மாலை வேளையில் சங்க அறையில் இருப்பேன். கணக்குச் சீட்டுகளோடு வருபவர்க்கு என்னால் இயன்றதைச் செய்வேன்.